படிவம் ஒன்று, பெயர் இரண்டு

நீங்கள் விம்கோ நகரில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, மேற்படிப்புக்குக் கடன் தேடுவதாக வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் வங்கிக்கு வங்கி ஏறி இறங்க வேண்டும். 2015 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய 'வித்யாலட்சுமி' இணையதளம் அந்த அலைச்சலைக் குறைத்தது. ஒரே பொதுப் படிவத்தை நிரப்பி மூன்று வங்கிகளுக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் படிவம் பொதுவானால் அதில் எழுதும் விவரமும் பொதுவாகிவிடுமா? கணிப்பொறி எழுத்துகளை ஒப்பிடுமே தவிர, ஆளை அறியாது. வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைப் பாருங்கள். மொத்தம் 11 இடங்கள்: முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது சுழியம், மற்ற ஆறும் கிளைக்கு உரியவை. எல்லா வங்கிகளும் இதை ஒரே விதமாகப் படிக்கின்றன. பொது நியமம் என்பது இதுதான்.

பெயரில் இந்தத் தெளிவு இல்லை. பள்ளிச் சான்றிதழில் 'கவிதா மு.' என்றிருக்கிறது. பான் விண்ணப்பமோ தலைப்பெழுத்தை மட்டும் எழுதினால் ஏற்பதில்லை, குடும்பப்பெயர் கேட்கிறது. (நமக்கு ஏது குடும்பப்பெயர்?) பலரும் அங்கே தந்தை பெயரை எழுத, அட்டை 'கவிதா முருகன்' என்று வருகிறது. கணிப்பொறிக்கு இவர்கள் இருவர். இருவரும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்கும் சுமை, கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மாணவியின் தலையில் விழுகிறது.

தன்பெயர், தலைப்பெழுத்து, அதன் விரிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். பள்ளியும் வங்கியும் வருமானவரித் துறையும் அவற்றையே பின்பற்ற வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கும் விண்ணப்பம் இணையவழியில்தான். எனவே இந்தத் திருத்தத்தை இனியும் தள்ளிப்போடக் காரணமில்லை.