சைலன்சர் குழாயில் ஓர் அளவுகோல்

பழைய கார்புரேட்டர் காருக்கு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் பொருத்துவது நல்ல வேலை. கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் பிஎஸ்6 காருக்கு அதையே பொருத்துவது பெரும்பாலும் வீண், சில சமயம் கெடுதலும்கூட. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதை ஆசையாகக் கேட்டு வருகிறவர்கள் புது வண்டிக்காரர்கள். உண்மையில் தேவைப்படும் பழைய மாருதி 800, அம்பாசடர் உரிமையாளர்களிடம் இப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்வதில்லை.

1976-ல் வால்வோ காரில் முதன்முதலாக வந்த சாதாரண ஆக்சிஜன் சென்சார் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: கலவையில் பெட்ரோல் கூடுதலா, குறைவா? அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே தாவும். எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்பது அதற்குத் தெரியாது. வைட்பேண்ட் சென்சாருக்குள் ஆக்சிஜனை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் ஒரு சின்ன அறை உண்டு. அதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதிலிருந்து கலவையின் அளவையே எண்ணாகச் சொல்லிவிடும். இந்த எண்தான் லாம்ப்டா. சரியான கலவை என்றால் 1. பெட்ரோல் கூடினால் எண் குறையும்.

இந்த எண் இப்போது அவசியமானதற்குக் காரணம் எத்தனால். 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த, எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் சாதாரண பெட்ரோலாகிவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஈ20-க்கு ஏறத்தாழ 13.5 போதும். சென்சாரும் கணினியும் உள்ள வண்டி இந்த வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வழி இல்லை. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவு எரிபொருள்தான் வரும். அதனால் பழைய வண்டியில் கலவை ஓசையில்லாமல் பெட்ரோல் குறைந்து லீனாகிவிடுகிறது. பிக்கப் குறைகிறது, இன்ஜின் சூடாகிறது. உரிமையாளர் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்கும் கைத்தேர்ச்சியை நான் மதிக்கிறேன், அது இன்னும் தேவை. ஆனால் இழுவையில் எந்த வேகத்தில் எவ்வளவு லீன், ஜெட்டை எத்தனை அளவு கூட்ட வேண்டும் என்பதை ஓடும்போதே காட்ட வைட்பேண்டால்தான் முடியும்.

இதே எத்தனால்தான் பலரை ஏமாற்றவும் செய்கிறது. சென்சார் அளப்பது லாம்ப்டாவை மட்டுமே. அதோடு இணைத்த மீட்டர் அதை 14.7 என்ற எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. வண்டியில் இருப்பது ஈ20 ஆனாலும் கலவை சரியாக இருந்தால் மீட்டர் 14.7 என்றே காட்டும். ஈ20-க்கு 13.5 வேண்டும் என்று எங்கோ படித்தவர், மீட்டரில் 13.5 வரும்வரை பெட்ரோலைக் கூட்டினால் லாம்ப்டா 0.92-க்கு இறங்கிவிடும். அதாவது எட்டு சதவீதம் ரிச். மைலேஜ் போகும், புகை கூடும். மீட்டரை லாம்ப்டாவில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இன்னொரு குறை: இது குழாயில் வரும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, அது எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை. ஒரு பிளக் சரியாக எரியாவிட்டால் எரியாத காற்று அப்படியே வந்து சேரும்; மீட்டர் லீன் என்று காட்டும். மானிஃபோல்டு கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று உள்ளே வந்தாலும் லீன்தான். இதை நம்பி ஜெட்டைப் பெரிதாக்கினால் நோய் ஒன்று, மருந்து ஒன்று. ஆகவே பிளக், வால்வு கிளியரன்ஸ், கேஸ்கெட் எல்லாம் சரிபார்த்த பிறகே மீட்டரைப் பார்க்க வேண்டும்.

பொருத்தும் வேலையிலும் அவசரம் கூடாது. 18 மில்லிமீட்டர் மரை கொண்ட நட்டை கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு முன்னால் குழாயில் வெல்ட் வைக்க வேண்டும். சென்சார் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது பத்து டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையேல் குழாயில் தேங்கும் நீர் எழுநூறு டிகிரிக்கு மேல் சூடான செராமிக்கில் பட்டு அது வெடித்துவிடும். சாதாரண சிலிக்கோன் பேஸ்ட் சென்சாருக்கு விஷம். மின்சாரம் கொடுக்காமல் குழாயில் விட்டாலும் கரி படிந்து கெடும். கனெக்டரை வெட்டி ஒயரை முறுக்கி இணைக்கும் பழக்கம் இங்கே செல்லாது, ஏனென்றால் அளவைத் திருத்தும் ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள் இருக்கிறது. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று கனெக்டரை அரிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நாஞ்சில் நாட்டில் நல்ல சாலை இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாயும். கிழக்கே காவல்கிணறு போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பி வரும்போது அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டும். போகும்போது மட்டும் பார்த்து ஜெட்டை முடிவு செய்தால் திரும்பும்போது லீனாகக் கிடக்கும் இடம் தெரியாமலே போகும்.

இனி பிஎஸ்6 காருக்கு வருகிறேன். அதில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் சென்சார்கள் கம்பெனியே வைத்திருக்கிறது. சாதாரண ஓபிடி ஸ்கேனர் ஃப்யூவல் டிரிம் எண்ணைக் காட்டும். கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். கலவையை மாற்ற வழியில்லாத வண்டியில் மீட்டர் மட்டும் பளபளப்பதால் ஓட்டுபவருக்கு ஒரு லாபமும் இல்லை. பவருக்காகக் கணினி மென்பொருளை மாற்றியவர்களுக்கு அது தேவைதான். ஆனால் புகைச் சோதனையில் 2500 ஆர்பிஎம்மில் லாம்ப்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பதை அவர்கள் மறக்கக்கூடாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய்வருகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே வைட்பேண்ட் காருக்குக் காராக வாங்கிப் பூட்ட வேண்டிய பொருளல்ல. ஒர்க்‌ஷாப்பில் இருக்க வேண்டிய கருவி. கார்புரேட்டர் வேலை செய்யும் மெக்கானிக்குகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். வண்டியில் நட்டை மட்டும் வெல்ட் வைத்து, சென்சாரைப் பூட்டி, ஜெட்டைச் சரிசெய்து, பிறகு கழற்றிவிட்டு மரையை பிளக்கால் அடைத்துக் கொடுங்கள்.