எஸ்.ஐ.ஏ.எஸ்: அந்த மூன்று கேள்விகள் எதை அளக்கின்றன?

சமூகப் பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாள்களைப் பற்றிய கட்டுரைகளில் "க்ரான்பாக் ஆல்ஃபா நன்றாக இருக்கிறது" என்ற வரி தவறாமல் வரும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் ஆல்ஃபா சொல்லும். அவை அளப்பது பதற்றத்தைத்தானா என்பது வேறு விஷயம். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், தேவையைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிய டெஸ்ட் நூறும் பாஸ் ஆனால் என்ன லாபம்?

மாட்டிக், கிளார்க் இருவரும் 1998-ல் வெளியிட்ட எஸ்.ஐ.ஏ.எஸ். அளவுகோலை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, ஆக அதிகபட்சம் 80. பதினேழு வாக்கியங்கள் பிறரோடு பழகும்போது வரும் சங்கடத்தை நேராகக் கேட்கின்றன. மீதி மூன்று தலைகீழ்: நண்பர் பிடிப்பது சுலபமா, விருந்துகளில் இயல்பாக இருக்க முடிகிறதா, பேச விஷயம் சுலபமாகக் கிடைக்கிறதா என்ற ரகம். இவற்றுக்கு மட்டும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டுவார்கள். படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுகிறவர்களால் கணக்கு கெடாமல் இருக்க இது பழைய உத்தி.

ரோட்பா, வுட்ஸ், ஹைம்பர்க் மூவரும் 2007-ல் கல்லூரி மாணவர்களிடமும், சமூகப் பதற்றக் கோளாறு உள்ளவர்களிடமும் இதைச் சோதித்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்ற அளவைகளோடு இந்த மூன்றுக்கும் உறவு பலவீனமாக இருந்தது; கலகலப்பான சுபாவத்தோடுதான் (எக்ஸ்ட்ராவெர்ஷன்) பலமாக இருந்தது. அதாவது, பயம் இல்லாததும் கலகலப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

இது வெறும் புள்ளியியல் சண்டை இல்லை. பல ஆய்வுகள் 34-ஐ எல்லைக்கோடாக வைக்கின்றன. இரண்டு பேர் நேர்க் கேள்விகளில் ஆளுக்கு 22 வாங்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் தனிமை விரும்பி. தலைகீழ்க் கேள்விகள் மூன்றிலும் 'இல்லவே இல்லை' போட்டால் 12 சேர்ந்து 34-ஐத் தொட்டுவிடுவார். இன்னொருவர் கலகலப்பானவர், அவருக்கு 22 அப்படியே நிற்கும். பயம் சம அளவுதான், ஆனால் ஒருவர் கோட்டுக்கு மேலே, மற்றவர் கீழே.

நேர்க் கேள்விகளை மட்டும் வைத்துக் கணக்கிடலாம் என்பது அவர்கள் யோசனை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் அது இலவசமாகக் கிடைப்பதில்லை. 'ஆமாம்' போடுகிறவர்களின் பிரச்சினை திரும்ப வந்துவிடும். உச்ச மதிப்பெண் 68 ஆகிவிடுவதால் பழைய 34-ஐயும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

இனி எஸ்.ஐ.ஏ.எஸ். பயன்படுத்திய ஆய்வு எதையாவது படித்தால், ஆல்ஃபாவைத் தாண்டி, இருபதையும் கூட்டினார்களா, பதினேழை மட்டுமா என்று பாருங்கள். அதைச் சொல்லாத முடிவை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன்.