காத்திருத்தலும் ஒரு முன்னிடைச்சொல்லும்

ஆங்கில இலக்கணத்திலே மிகச் சிறியனவாகத் தோன்றும் உறுப்புக்கள் இரண்டு. ஒன்று பெயருக்கு முன்னே நிற்கும் முன்னிடைச்சொல். மற்றையது வினைக்கு முன்னே நிற்கும் துணைவினை. மாணாக்கர் இவற்றைப் பட்டியலாக மனனஞ் செய்து, பரீட்சைத் தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்துவிடுவர். ஆயின், ஒரு செய்யுளின் கருத்தே இவற்றின் வரவினாலும் வாராமையினாலும் வேறுபடக்கூடும் என்பதைக் காத்திருத்தலைக் குறிக்கும் வினைகளைக் கொண்டு நன்கு உணரலாம்.

"வெயிற்" என்னும் வினை தனித்தும் நிற்க வல்லது. எதிர்நோக்கப்படுவாரை உடன் கூற வேண்டின் "ஃபோர்" என்னும் முன்னிடைச்சொல் அதற்கு வேண்டும். அதன் இனமாகிய "அவெயிற்" செயப்படுபொருளை நேரே கொள்ளும்; அதன்பின் "ஃபோர்" சேர்த்தல் வழு. "வெயிற்" என்பதோடு "ஒன்" சேருமாயின், காத்திருத்தல் என்னும் பொருள் பணிவிடை செய்தல் என்பதாகத் திரியும். துணைவினைகளின் இயல்பும் இத்தகையதே. "மஸ்ற்" வரின் காத்திருத்தல் கடனாகும். "வில்" வரின் உறுதியாகும். "கான்" என்பது மனிதனைச் சார்ந்து வரின் பொறுத்திருக்கும் ஆற்றலையும், ஓர் அலுவலைச் சார்ந்து வரின் அதனைப் பிற்போடலாம் என்பதையும் உணர்த்தும்.

இவ்விலக்கணத்தை மனத்திற் கொண்டு மில்டன் தம் கண்ணொளி இழந்தமை பற்றிப் பாடிய பதினான்கடிப் பாவை நோக்குதல் தகும். 1608 இற் பிறந்த மில்டன் 1649 முதல் இங்கிலாந்தின் குடியரசு அரசாங்கத்திலே பிறமொழிச் செயலாளராகப் பணிபுரிந்தவர். 1652 அளவில் முற்றாகப் பார்வை இழந்தார். 1673 இல் அச்சேறிய இப்பா, இறைவன் அளித்த திறமை பயன்படாது கிடக்கின்றதே என்னும் ஏக்கத்தோடு தொடங்குகின்றது. பொறுமை என்னும் பண்பு எழுந்து அவ்வேக்கத்துக்கு விடையிறுக்கின்றது. அவ்விடையின் முடிவிலே, பாவின் ஈற்றுச் சொல்லாக நிற்பது "வெயிற்" என்னும் வினை. அதன்பின் "ஃபோர்" இல்லை, "ஒன்" இல்லை, அதற்கு முன்னே துணைவினையும் இல்லை.

இவ்விடத்திலே பெரும்பாலோர் "ஃபோர்" என்பதைத் தாமே வருவித்துக்கொண்டு, நல்ல காலத்தை எதிர்பார்த்து வாளா இருப்பவரும் தொண்டரே எனப் பொருள் கொள்வர். அவ்வாறு கொள்ளின் இப்பா செயலற்றவனுக்கு உரைத்த வெறும் ஆறுதலாகிவிடும். பாவின் சொற்களோ வேறொரு பொருளுக்கு இடந் தருகின்றன.

தொண்டு செய்தலைக் குறிக்கும் "சேர்வ்" என்னும் வினை இச்சிறு பாவிலே மூன்று முறை வருகின்றது. மூன்றாம் முறை ஈற்றடியிலேயே வருகின்றது. மேலும், "வெயிற்" என்பதற்கு இயைபாக அமைந்த சொல், இறைவனது அரச நிலையைக் கூறும் "ஸ்ரேற்" என்பதாகும். அவ்வரசனது ஏவலை ஏற்று ஆயிரக்கணக்கானோர் நிலத்தின் மேலும் கடலின் மேலும் விரைகின்றனர். வேறு சிலர் நின்றுகொண்டிருக்கின்றனர். இது அரசவைக் காட்சி. அரியணையின் அருகே நிற்பவன் சோம்பி இருப்பவன் அல்லன். அடுத்த கட்டளைக்குச் செவி சாய்த்து நிற்பவன். ஆதலின், எழுதாது விடப்பட்ட முன்னிடைச்சொல் "ஒன்" எனக் கொள்வதே பாவின் போக்கிற்கு மிகப் பொருந்தும்.

"ஃபோர்" என்பதை அறவே விலக்குதலும் முறையன்று. 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 37 ஆம் சங்கீதத்திலே இறைவனை நோக்கிக் காத்திருத்தல் "ஒன்", "ஃபோர்" என்னும் இரண்டாலும் கூறப்படுகின்றது. அவ்விவிலியத்திற் பயின்ற செவிக்கு நம்பிக்கையும் பணியும் இரு வேறு பொருள்களாகத் தோன்றியிரா. முன்னிடைச்சொல் இன்றி நின்ற வினை அவ்விரண்டையும் ஒருங்கே தாங்குகின்றது. துணைவினை இன்மையும் இத்தகைய பயனுடையது. "மஸ்ற்" வந்திருப்பின் அது விதியாகியிருக்கும். "மே" வந்திருப்பின் சலுகையாகியிருக்கும். இரண்டும் இன்மையால் அது நிகழ்கின்ற உண்மையைக் கூறும் கூற்றாயிற்று.

தமிழ் மாணாக்கனுக்கு இது விளங்குதல் அரிதன்று. "வெயிற்" என்னும் சொல் வட பிரெஞ்சு வழக்கொன்றிலிருந்து ஆங்கிலம் புகுந்த காலத்தில் விழிப்போடு கண்காணித்தலையே குறித்தது. விழித்தலைக் குறிக்கும் "வேக்", கண்காணித்தலைக் குறிக்கும் "வாச்" என்பன அதன் உறவுச் சொற்கள். தமிழிலே "காத்திரு" என்பதன் முதனிலையாகிய "கா" என்பதும் காவல் செய்தலையே உணர்த்தும். உறவில்லா இரு மொழிகள் ஒரே எண்ணத்தைப் பற்றி நிற்றல் கருதத்தக்கது.

மில்டன் கூறாது விட்ட முன்னிடைச்சொல்லைத் தலைப்பிலேயே கொண்டு நிற்பது சாமுவேல் பெக்கெற்றின் நாடகம். 1952 இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, 1953 இல் பாரிசில் அரங்கேறிய அதனைப் பெக்கெற் தாமே ஆங்கிலமாக்கினார். 1955 இல் அது இலண்டனில் மேடையேறியது. பிரெஞ்சு வினையாகிய "அத்தாந்தர்" செயப்படுபொருளை நேரே கொள்வது. அன்றியும், "ஆன் அத்தாந்தான்" என்னும் தலைப்பின் தொடர் தனித்து வரின் "அதற்கிடையில்" என்றும் பொருள்படும். நாடகம் முழுவதும் அவ்விடைப்பொழுதைக் கழிக்கும் முயற்சியே ஆதலின், அச்சிலேடை பெரிதும் பொருந்துவது. ஆங்கிலத்தில் அது மறைந்தது. அதற்கீடாக "ஃபோர்" வந்தது. அம்முன்னிடைச்சொல் ஒரு திசையைச் சுட்டுகின்றது. அத்திசையில் கொடோ என்னும் பெயர் மட்டுமே நிற்கின்றது, ஆள் வருவதில்லை.

அங்கே துணைவினைகளும் கவனிக்கத்தக்கன. நாடோடிகள் இருவரும் அவ்விடத்தை விட்டு அகல இயலாமையை "கான்" என்பதன் எதிர்மறையாற் கூறுகின்றனர். "மஸ்ற்" என்பதன் எதிர்மறையால் அன்று. தடுப்பார் எவருமில்லை; ஆயினும் போக இயலவில்லை. சிறுவன் கொணரும் செய்தியோ இன்று வாரார், நாளை தப்பாது வருவார் என்பது. இயலாமைக்கும் வாக்குறுதிக்கும் நடுவே மனிதர் அகப்பட்டுக்கொள்கின்றனர்.

மில்டனது ஈற்றுச் சொல்லில் காத்திருப்பவன் யாருடைய முன்னிலையில் நிற்கின்றான் என்பது தெளிவு; எதனை எதிர்நோக்குகின்றான் என்பது கூறப்படவில்லை. பெக்கெற்றின் நாடகத்திலே எதிர்நோக்கப்படுபவனின் பெயர் தெளிவு. அவன் முன்னிலை என்றுமே கிட்டுவதில்லை. இவ்வேறுபாட்டை அறிவதற்குப் பெரிய தத்துவ நூல்கள் வேண்டியதில்லை. வினையின் முன்னும் பின்னும் நிற்கும் சிறு சொற்களை நின்று நோக்கும் பொறுமை வேண்டும். இலக்கண வகுப்பையும் இலக்கிய வகுப்பையும் வேறு வேறு பாடங்களாகக் கருதும் ஆசிரியர் அப்பொறுமையை மாணாக்கருக்கு ஊட்டுதல் அரிது.