தோடி நுழையாத கான்செர்ட்டோ

தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோ வடிவத்துக்குள் கர்நாடக ராகங்களைக் கொண்டுபோனவர்களில் முதலில் பேசப்பட வேண்டியவர் பெங்களூரில் வாழும் எல். சுப்ரமணியம். 1985இல் சுபின் மேத்தா நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இவருடைய ‘ஃபேண்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ படைப்பை அரங்கேற்றியது. பக்கவாத்தியமாக இருந்த வயலினை இது நடுமேடைக்குக் கொண்டுவந்தது என்று பாராட்டுகிறார்கள். அந்த வேலையை லால்குடி ஜெயராமன் போன்றவர்கள் தனிக் கச்சேரிகளிலேயே செய்துவிட்டார்கள். அதற்கு ஆர்கெஸ்ட்ராவின் எண்பது பேர் தேவைப்படவில்லை.

உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா ஒதுங்க, தனிக் கலைஞர் மட்டும் வாசிக்கும் கடென்சா ஒருகாலத்தில் அவருடைய கற்பனைக்கே விடப்பட்டது. 1878இல் இசையமைப்பாளர் பிராம்ஸ்கூடத் தன் வயலின் கான்செர்ட்டோவில் அதை வயலின் கலைஞரான நண்பர் யோவாகிமிடம் விட்டுவிட்டார். பிறகு எழுதிவைத்த கடென்சாவை மனப்பாடமாக வாசிப்பதே வழக்கமாயிற்று. ஆலாபனையில் ஊறிய ஒருவர் வந்து நின்றால் அந்த இடத்துக்கு மறுபடி உயிர் வருகிறது. எழுதாத ஒன்றை, அடுத்த பிடி என்னவென்று நடத்துநருக்கே தெரியாமல் வாசிக்கிறார். இந்த வகைப் படைப்புகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைப்பவை இந்தப் பகுதிகளே.

ஆர்கெஸ்ட்ரா திரும்பி வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. அசைவுதான் அதன் அடையாளம். கீழே செல்லோக்கள் அதே ஸ்வரத்தை நேராக நீட்டிப் பிடித்தால் இரண்டும் உரசும். ஹம்சத்வனியில் இந்தத் தொல்லை இல்லை. ச-க-ப ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு), ப-நி-ரி இன்னொன்று; மேலை ஹார்மனிக்கு வேண்டிய இரண்டு தூண்களும் தயாராக இருக்கின்றன. ஆகவே ஆர்கெஸ்ட்ராவுக்கு இணங்கும் ராகங்களுக்கே இடம் கிடைக்கிறது. தோடியும் பேகடாவும் சஹானாவும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கார்டு உரசுமோ என்று அஞ்சுகிறவர் ஆர்கெஸ்ட்ராவை ஸட்ஜமும் பஞ்சமமும் பிடிக்க வைக்கிறார். அது விலை உயர்ந்த தம்புரா, வேறென்ன சொல்வது?

தாளத்திலும் இதே கதைதான். கோர்வை எந்த அட்சரத்தில் முடியும் என்பது ஒத்திகையிலேயே உறுதியாகிவிட வேண்டும். எண்பது பேர் காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறார்கள். மைக் வைத்த வயலினுக்குக் கீழே ஆர்கெஸ்ட்ராவின் நுணுக்கங்கள் அமுங்குவதும் உண்டு.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) இசைத்தொகுப்பு எதிர்த்திசையில் போனது. வி. எஸ். நரசிம்மனின் வயலினோடு மற்றக் கருவிகளும் தங்கள் வழியில் நடக்கின்றன. எந்தக் குரலும் வெறும் பின்னணி அல்ல. மேலை இசையமைப்பாளர் பாக்கிடம் இளையராஜா கற்றது அதுதான். ஆனால் எல்லாமே எழுதப்பட்டது. வயலின்காரர் அங்கே கற்பனை செய்ய இடமில்லை. சுப்ரமணியத்திடம் சுதந்திரம் இருக்கிறது, உரையாடல் இல்லை. இளையராஜாவிடம் உரையாடல் இருக்கிறது, சுதந்திரம் இல்லை. வற்புறுத்திக் கேட்டால் நான் இளையராஜா பக்கம் சாய்வேன்.

இரண்டையும் சேர்க்க ஒரு சிறிய மேடை போதும். உதாரணமாக, பெங்களூரின் தொம்மலூரில் உள்ள பெங்களூர் சர்வதேச மையத்தின் அரங்கு சிறியது. முழு சிம்பொனிக் குழு அந்த மேடையில் அமராது. அது குறையல்ல என்பது என் கட்சி. பன்னிரண்டு நரம்பிசைக் கலைஞர்களும் ஒரு மிருதங்கமும் அங்கே அமரலாம், மைக் வேண்டாம், வயோலாக்காரருக்கும் செல்லோக்காரருக்கும் கமகம் பழக்க அவகாசம் கிடைக்கும். இது கனவும் அல்ல. நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட், தியாகராஜர் கீர்த்தனைகளை நான்கு கருவிகளுக்கு அமைத்து வாசித்திருக்கிறது. அந்த முறையைப் பன்னிரண்டு பேருக்கு விரித்து, நடுவில் எழுதாத கடென்சாவுக்கு ஒரு வெற்றிடம் விட்டு, யாராவது எழுத வேண்டும். முதல் ராகமாகத் தோடியையே எடுக்கட்டும்.