கடல்கோளும் கண்டப்பெயர்ச்சியும்

தலைச்சங்கம் இருந்த மதுரை கடலுள் மறைந்ததென இறையனார் களவியலுரை கூறும். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுட் புக்க செய்தியைச் சிலப்பதிகாரம் காடுகாண் காதையிற் காணலாம். இவற்றோடு இலெமூரியாக் கண்டத்தை இணைத்தனர் நம் ஆய்வாளர் பலர். அவ்விணைப்பு ஆராயற்பாலது.

இலெமூரியா என்னும் பெயரை 1864-இல் இட்டவர் பிலிப்பு சிலேட்டர் என்னும் விலங்கியலறிஞர். மடகாசுகர்த் தீவிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்கின ஒப்புமைக்குக் காரணம் காட்டவே அவர் அந்நிலத்தைக் கருதிக்கொண்டார். 1960-களில் நிலைபெற்ற புவித்தட்டுக் கொள்கையோ, நிலம் அமிழ்ந்திலது, பிரிந்து நகர்ந்தது என நிறுவியது. மதுரையைச் சூழ்ந்த தொல்பாறைகட்கு இனமானவை மடகாசுகரிலும் உள. அவ்விரு நிலங்களும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன்னர்; மாந்தரினம் தோன்றியதோ சில இலக்கம் ஆண்டுகட்கு முன்னரே. ஆதலின் அப்பிரிவைக் கண்டு கூறிய புலவர் எவரும் இரார்.

இதனால் கடல்கோட் செய்தி முற்றும் பொய்யென்பது பெறப்படுமோ எனின், படாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பின்னர் உயர்ந்த கடல் கரைநிலங்களை விழுங்கிற்று. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் நாம் அறிவோம். நூற்செய்தியை இத்தகைய சான்றுகளோடு வைத்து ஆராய்தலே முறை. கைவிடப்பட்ட கொள்கையொன்றை அதற்கு ஊன்றுகோலாக்கின், கோல் முறியுங்கால் நூலின் மதிப்பும் உடன் குறையும்.