சுற்றை எண்ணாமல் கம்பியை அறுக்காதீர்கள்

பழைய மின்கிட்டார் ஊமையானால் முதல் பழி பிக்கப்பின் மேல்தான் விழும். ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமா போன்ற கடலோர ஊரில் அந்தப் பழியில் பாதி நியாயம் உண்டு. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த கிட்டாரை வெளியே எடுத்தால் அதன் உலோகப் பகுதிகளெல்லாம் வியர்க்கின்றன. 1960களில் அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் ஒன்று ஓட்டல் இசைக்குழுக்காரர் கையிலோ தேவாலயப் பாடற்குழுவிலோ வந்து சேர்ந்திருந்தால், அது தன் பிறந்த ஊரில் காணாத சோதனையை இங்கே தினமும் காண்கிறது.

அப்படிப் பழுதான பிக்கப்புக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் வைத்தியம் ரீவைண்டிங். பழைய கம்பியை அறுத்தெறிந்து புதுக் கம்பி சுற்றுவது. இந்த வழக்கத்தை நான் மொத்தமாக எதிர்க்கவில்லை. அது நடக்கும் வரிசையும் அதில் நம்பப்படும் அளவுகோலும் தவறு என்பதே என் வாதம்.

பிக்கப்பில் இருப்பவை காந்தமும் கம்பிச் சுருளும்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஆறு அல்நிகோ காந்தக் குச்சிகள், மேலும் கீழும் ஃபைபர் தகடு, நடுவில் 0.063 மில்லிமீட்டர் தடிமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பி. ஏறத்தாழ 8,000 சுற்று. அந்தக் கம்பியைப் பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸின் வாத்தியத்திலும் வேலை செய்தது இதே தத்துவம்தான். சட்டென்று அடங்கிவிடும் மாண்டலின் நாதத்தை கமகத்துக்குத் தேவையான அளவு நீட்டித் தந்ததில் பிக்கப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்வளவு மெல்லிய கம்பி அறுபது ஆண்டு பிழைத்திருப்பதே பெரிய விஷயம்.

ஃபெண்டரின் பழைய பிக்கப்புகளில் கம்பியைக் காந்தக் குச்சிகளைச் சுற்றியே நேரடியாகச் சுற்றினார்கள். இடையில் இருப்பது மெல்லிய பூச்சு மட்டும். ஃபைபர் தகடு ஈரத்தை உறிஞ்சும். காந்தத்தில் துரு ஏறும். உள்சுற்றில் செம்பு பச்சை பூத்து அறும். கடற்காற்றுள்ள ஊரில் இது விரைவாகவே நடக்கும். ஆனால் எல்லா ஊமைத்தனத்துக்கும் காரணம் இது அல்ல. சுவிட்சில் படிந்த அழுக்கு, தேய்ந்த வால்யூம் பாட், விட்டுப்போன சால்டர், தளர்ந்த ஜாக் ஆகிய நான்கையும் பார்க்காமல் பிக்கப்பைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிக்கப்பின் இரு லீடுகளையும் பிரித்து மல்ட்டிமீட்டரை நேராக வைத்துப் பார்த்தபின்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கம்பி அறுந்த சுருளிலிருந்தும் சில சமயம் ஒலி வரும். உடல் இல்லாத, தகரம் தட்டியது போன்ற மெல்லிய ஒலி அது. அதைக் கேட்டுவிட்டுக் காந்தம் வலுவிழந்துவிட்டது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அல்நிகோ தானாக அவ்வளவு எளிதில் வலுவிழப்பதில்லை.

அறுந்தது வெளிமுனை என்றால் மறுசுற்றே தேவையில்லை. ஒன்றிரண்டு சுற்றைப் பிரித்து, எனாமலைப் பக்குவமாகச் சுரண்டி, புது லீடைச் சால்டர் செய்தால் போதும். பழைய எனாமலும் ஃபார்ம்வார் என்ற பூச்சும் இன்றைய பாலியூரித்தேன் பூச்சு போலச் சால்டர் சூட்டில் உருகிக் கலையாது. சுரண்டித்தான் ஆக வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியும் நடுங்காத விரலும் வேண்டிய வேலை. கூலிக் கணக்குப் பார்த்தால் முழுவதும் அறுத்துச் சுற்றுவதே பட்டறைக்கு லாபம். ரீவைண்டிங் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

உள்முனை அரித்துப்போயிருந்தால் மறுசுற்று வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய காந்தமும் பழைய தகடும் அப்படியே நிற்க, வாத்தியம் மறுபடி பேசுகிறது. கம்பியை மாற்றினால் விலை போய்விடும் என்று ஊமைக் கிட்டாரைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் சேகரிப்பாளர் கட்சியோடு எனக்கு உடன்பாடில்லை. வாசிப்பதற்குச் செய்த பொருளை வாசிக்க வேண்டும்.

எந்த அளவை வைத்துச் சுற்றுவது என்ற இடத்தில்தான் பெரிய கோளாறு. கிட்டார் உலகம் மின்தடையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. '6 கிலோ ஓம் இருந்ததா? 6 வரும்வரை சுற்று' என்பதே பல இடங்களில் முறை. ஒலியைத் தீர்மானிப்பவை சுற்றுகளின் எண்ணிக்கை, சுருளின் உருவம், காந்தம் ஆகியவை. மின்தடை இவற்றின் நிழல் மட்டுமே. கம்பியின் தடிமன் 5 சதவீதம் மாறினால் மின்தடை ஏறக்குறைய 10 சதவீதம் மாறும். வெப்பமும் சேர்ந்துகொள்ளும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. 20 டிகிரியில் 6.0 கிலோ ஓம் காட்டும் சுருள், 40 டிகிரியில் 6.47 காட்டும். ஏசி இல்லாத பட்டறையில் அளந்த எண்ணையும் கலிபோர்னியாவில் யாரோ அளந்து எழுதிய எண்ணையும் ஒப்பிட்டு, 'இது கூடுதலாகச் சுற்றிய பிக்கப்' என்று பேசுவதில் பொருளே இல்லை. கிப்சனின் பழைய ஹம்பக்கர்கள், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்புகள், 1957 முதல் சில ஆண்டுகள் காப்புரிமை விண்ணப்ப ஒட்டுடன் வந்தன. அவையே 7 முதல் 9 கிலோ ஓம் வரை சிதறிக் கிடக்கின்றன. அப்படியிருக்க ஒற்றை எண்ணைத் துரத்துவது எதற்கு?

வளைகுடாவின் தொழிற்பேட்டைகளில் இருக்கும் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைகளிடம் கிட்டார்க்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். நல்ல மோட்டார் வைண்டர் ஓமை நம்பிச் சுற்றுவதில்லை. பழைய காயிலை எடுக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ் (கம்பித் தடிமன்), எந்தத் திசை என்று எழுதிக்கொள்கிறார். கம்பியை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கிறார். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த கோயம்புத்தூரில் இந்தப் பழக்கம் தொழிலின் அரிச்சுவடி. பிக்கப் சுருளையும் அப்படியே எண்ணிப் பிரிக்கலாம். கம்பி நடுவில் அறுந்துகொண்டே இருக்கும், பொறுமை சோதிக்கப்படும். இருந்தாலும் நெருக்கமான எண்ணிக்கையாவது கையில் கிடைக்கும்.

அதே பட்டறையின் இன்னொரு பழக்கத்தை மட்டும் பிக்கப்பின் பக்கமே கொண்டுவரக் கூடாது: வார்னிஷில் முக்கி அடுப்பில் சுடுவது. மோட்டாருக்கு அது உயிர். பிக்கப்பில் ஏறிய வார்னிஷை மறுபடி எடுக்க முடியாது. அடுத்த பழுதுக்கு வழியே இராது. ஹம்பக்கரின் பிளாஸ்டிக் பாபின் சூட்டில் கோணிவிடும். பெரிய சத்தத்தில் கீச்சிடாமல் இருக்கச் சுருளை மெழுகில் ஊறவைப்பது போதும்; பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, சுமார் 65 டிகிரியில். ஆனால் இந்த நாட்டு வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். அங்கே விட்ட கிட்டாரில் மெழுகு இளகும், உடலின் லாக்கரும் கெடும்.

கடைசியாக ஓர் ஆசையையும் சொல்லிவிட வேண்டும். திறந்ததுதான் திறந்தோம், கொஞ்சம் அதிகச் சுற்று போடலாம், நடு பிக்கப்பைத் திசைமாற்றிச் சுற்றி இரைச்சலைக் குறைக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். புதுக் கிட்டாரில் தாராளமாகச் செய்யலாம். பழையதில் அது பழுதுபார்ப்பு ஆகாது. அந்தக் காலத்து வைண்டர் ஒருவரின் கைவேலையை அழித்துவிட்டு நம் ரசனையை எழுதுவது அது.

பழைய கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிக்கப்பைக் கொடுக்கும் முன்பே, வேலை முடிந்ததும் மூன்றைத் தர வேண்டும் என்று வேலை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள்: பழைய கம்பியின் சுற்று எண்ணிக்கை, கேஜ், திசை ஆகியவை எழுதிய தாள்; எந்த வெப்பத்தில் அளந்தது என்ற குறிப்போடு மின்தடை; அறுத்தெடுத்த பழைய கம்பி, ஒரு பையில். தர மறுக்கிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.