மெனோனின் அடிமைக்குப் பெயர் என்ன?

ஒரு பருவம் முழுக்க ஏதென்ஸில் தங்கிக் கிரேக்கப் பண்பாடும் தத்துவமும் படித்துவிட்டு வந்தேன். நண்பர்கள் கேட்பதெல்லாம் 'அக்ரோபோலிஸ் பாத்தீங்களா?' என்பதுதான். பார்த்தேன். ஆனால் கூடவே வந்துவிட்டவன் பிளேட்டோவின் 'மெனோன்' உரையாடலில் வருகிற ஒரு பையன்.

கற்பது என்பது ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்வதுதான் என்று நிறுவ சாக்ரடீஸுக்கு ஒரு ஆள் தேவை. மெனோன் தன் அடிமைகளில் ஒருத்தனைக் கூப்பிட்டு நிறுத்துகிறான். சாக்ரடீஸின் முதல் கேள்வி பையனிடம் இல்லை, எஜமானிடம்: இவன் கிரேக்கனா, கிரேக்கம் பேசுவானா? வீட்டில் பிறந்தவன் என்று பதில் வருகிறது. பிறகு கணக்கு. இரண்டடிச் சதுரத்தின் பரப்பு நான்கு. பரப்பு எட்டாக வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? பையன் நான்கு என்கிறான், மூன்று என்கிறான், கடைசியில் தெரியாது என்கிறான். மூலைவிட்டத்தில் விடை கிடைக்கிறது. நிரூபணம் முடிந்ததும் பையன் பிரதியிலிருந்து காணாமல் போகிறான். வந்தபோதும் பெயரில்லை, போனபோதும் இல்லை.

வகுப்பில் இதைக் கேட்டேன். 'அவன் ஒரு எடுத்துக்காட்டு, அவ்வளவுதான்' என்றார் பேராசிரியர். சரி, எடுத்துக்காட்டாக மட்டுமே இருக்க விதிக்கப்பட்டவன் யார்?

அடிமைக்கும் அதே ஆன்மா உண்டு என்பதால் இதைச் சமத்துவப் பிரதியாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பாதி சரி. அதே ஆன்மா என்றால் அவன் ஏன் அடிமை? இந்தக் கேள்வியைப் பிரதி கேட்பதேயில்லை.

ஏதென்ஸின் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் சித்திரவதையில் பெறப்பட்டால்தான் பொதுவாகச் செல்லும். அந்தச் சித்திரவதைக்குப் பெயர் 'பாசனோஸ்'. பொன்னை உரைக்கிற உரைகல்லுக்கும் அதே சொல். உண்மை பற்றிய கிரேக்கச் சொல்லாடலுக்கும் இந்த வதைக்கும் உள்ள உறவை பேஜ் துபுவா 1991இல் வெளியான தன் நூலில் ஆராய்ந்தார். சாக்ரடீஸ் அடிக்கவில்லை, கேள்விதான் கேட்டார். இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான்: உண்மை அடிமைக்குள் இருக்கிறது, வெளியே எடுப்பவன் வேறொருவன், அனுமதிப்பவன் எஜமான்.

அடிமைகளுக்குப் பெயரே எழுதாத காலமா அது? இல்லை. கி.மு. 409–407 காலத்து எரெக்தையான் கோயில் கட்டுமானக் கணக்குகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. குடிமகன், குடியேறி, அடிமை மூவரும் அதில் ஒரே நாட்கூலிக்கு வேலை செய்கிறார்கள். கீழ்ப்புறத் தூண்களில் நெடுவரிப் பள்ளம் செதுக்கியவர்களில் ஒருத்தன் 'சிமியாஸின் ஸோஸாந்த்ரோஸ்'. எஜமான் பெயரோடு ஒட்டித்தான் என்றாலும், பெயர் இருக்கிறது. சிமியாஸ் குடியிருந்த அலோபெக்கே, சாக்ரடீஸின் சொந்த ஊர். கூலி யார் கைக்குப் போனது என்று கல் சொல்லவில்லை. ஆனால் கணக்குப்பிள்ளைக்குத் தேவைப்பட்ட பெயர் தத்துவத்துக்குத் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் கிரேக்கர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. எம்.ஏ.வில் அகத்திணையியல் படித்தவன் நான். அகத்தில் யாருக்குமே பெயர் சுட்டக்கூடாது என்ற மரபை வியந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிற நூற்பாவைத் தேர்வுக் கேள்வியாகத் தாண்டிப் போனேன். ஏதென்ஸ் வகுப்பில் கேட்டதை அன்றைக்கு நான் கேட்கவில்லை.

அதனால் அந்தப் பேராசிரியர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 'எடுத்துக்காட்டு' என்று சொல்லி நானும் பாடம் நடத்தியிருக்கிறேன்.